கார்மில்லாவின் எழுத்துகள்

ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா'வை விடுதி அறையில் ஒரே இரவில் வாசித்து முடித்தேன். 1872இல் நூலுருப் பெற்ற அக்குறுநாவல் 'டிராகுலா'வுக்கு 25 ஆண்டுகள் மூத்தது. லாரா என்னும் பெண்மீது காதல் கொள்ளும் ரத்தக்காட்டேரியின் கதை. ஆண்கள் கூடிக் கல்லறையைத் திறக்கும் இறுதிப் பகுதி எனக்குச் சலிப்பையே தந்தது. அச்சுறுத்தியது வேறொன்று. மிர்கல்லா, மில்லார்கா, கார்மில்லா என எப்பெயரில் ஒளிந்தாலும் அதே ஆங்கில எழுத்துகளையே அவள் மாற்றி அடுக்கியாக வேண்டும்.

அம்மாவிடம் தொலைபேசியில் பேசுகையில் என் காதலியை நான் 'அவர்' என்றே குறிப்பிடுகிறேன். பால் காட்டாத மரியாதைச் சொல். இலக்கணப் பிழையில்லை, பொய்யுமில்லை. அம்மா அச்சொல்லிலிருந்து ஒரு மாப்பிள்ளையை உருவாக்கிக்கொண்டிருக்கிறார். நேற்று, "அவர் எந்த ஊர்?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். பெயரை இன்னும் சொல்லவில்லை.