இறுக்கமும் இளக்கமும்

இரு பொருள்களைப் பிரியாதபடி பிணைப்பதற்கு ஆணியோ பசையோ வேண்டும் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். ஆயின், இவை எவையுமின்றி இறுக்கம் ஒன்றினாலேயே உருக்கை உருக்கோடு பிணைக்கும் கலை ஒன்றுண்டு. புகையிரதச் சில்லு தன் அச்சிலே நிற்பதும், நீரிறைக்கும் பம்பின் தண்டிலே பெயாரிங் நிற்பதும் இக்கலையினாலேயாம். துளையிலும் தண்டு ஒரு சிறு அளவு பருத்திருக்கும். அச்சிறு மிகையே பிடிப்பு.

இது நம்மவர்க்குப் புதியதன்று. மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்பு வளையம் பூட்டுவதைக் கண்டவர்கள் இதனை அறிவர். சில்லிலும் சற்றுச் சிறிதாக வளையத்தைச் செய்து, நெருப்பிலிட்டுச் சிவக்கக் காய்ச்சி, குறட்டினாற் பற்றித் தூக்கிச் சில்லின்மேல் இறக்குவர். உடனே நீர் வார்ப்பர். வளையம் சுருங்கும்போது ஆரக்கால்கள் யாவும் குடத்தினுள் இறுகும் ஓசை கேட்கும். 1.2 மீற்றர் விட்டமுள்ள இரும்பு வளையத்தின் சூடு 400 பாகை செல்சியஸ் ஏறினால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 18 மில்லிமீற்றர் கூடும். ஆசாரியார் இக்கணக்கைத் தாளிலே போட்டவரல்லர். ஆயினும் அவர் கை அதனை அறிந்திருந்தது.

வகுப்பறையிலே நாம் ஆண்டுதோறும் கேட்கும் வினா ஒன்றுண்டு: “வளையத்தைச் சூடாக்கினால் நடுத்துளை பெருக்குமா, சிறுக்குமா?” உலோகம் உள்நோக்கியும் விரியுமாதலால் துளை சிறுக்கும் என்றே மாணவர் பலர் விடையிறுப்பர். உண்மை அதுவன்று, துளையும் உலோகத்தோடு சேர்ந்து பெருக்கும்.

இவ்வுண்மையின் அருமையை நாம் உணர்ந்தது நூலிலன்று. 1990ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குள் எரிபொருள் வரத்துத் தடைப்பட்டிருந்த காலம் அது. ஜாம் போத்தல் விளக்கிலே நாம் படித்துக்கொண்டிருந்தோம். மண்ணெண்ணெய் பொன்னிலும் அரிது. புதிய பெயாரிங்கோ அதனினும் அரிது. அயலவர் ஒருவரின் பம்பு பழுதாயிற்று. தோட்டத்திலே வெங்காயத்தாள் வாடத் தொடங்கிவிட்டது. வேறொரு பழைய பம்பிலிருந்து ஒரு பெயாரிங்கைப் பழுதின்றிக் கழற்றி எடுத்தாலன்றி அவ்வாண்டுப் பயிர் இல்லை.

முதலிலே கப்பிளிங்கைக் கழற்றவேண்டும். அயலவர் சம்மட்டியை எடுத்தார். மெக்கானிக் அதனை வாங்கிக் கீழே வைத்தார். வார்ப்பிரும்புக் கப்பிளிங் அடியிலே வெடிக்கும். பெயாரிங்கின் வன்னுருக்கு வளையமோ அடிபட்டாற் சில்லாகத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கவும் கூடும்.

“இரும்போடை கோவிக்கப்படாது, அண்ணை. அதுக்கு வழி விடவேணும்” என்றார் அவர்.

பூட்டாணியைத் தளர்த்தினார். துருவேறிய இடுக்கிலே ஒரு கரண்டி மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவைத்தார். மறுநாள் தண்டிலே ஈரத்துணி சுற்றி, கப்பிளிங்கை மட்டும் விரைவாகச் சூடாக்கினார். தண்டும் சேர்ந்து சூடேறினால் இரண்டும் பருத்து, பயன் இல்லாது போகுமன்றோ! பின்னர் புல்லரைப் பூட்டித் திருகாணியை முறுக்க, கப்பிளிங் மெல்ல நகர்ந்தது. பெயாரிங்கைக் கழற்றுகையில் புல்லரின் நகங்களை உள்வளையத்திலேயே கொளுவினார். வெளிவளையத்தைப் பற்றி இழுத்தால் விசை குண்டுகளினூடாகச் சென்று, அவை ஓடும் பாதையிலே தழும்பு விழும். பெயாரிங் கழன்றும் பயனற்றதாகும்.

பூட்டும்போது பெயாரிங்கைக் கம்பியிற் கட்டி, சட்டியின் அடியிலே முட்டாதபடி பழைய எஞ்சின் எண்ணெயிலே தொங்கவிட்டுக் காய்ச்சினார். ஏறத்தாழ 120 பாகைக்கு மேற் சென்றால் உருக்கின் வன்மை கெடலாம். ஆதலால் இடையிடையே அதனை வெளியே எடுத்து, நீர்த்துளி தெளித்துச் சூடு பார்த்தார். 40 மில்லிமீற்றர்த் துளை 70 பாகைச் சூட்டிற்குப் பெருப்பது 0.03 மில்லிமீற்றரே. ஆனால் அதுவே போதும். பெயாரிங் அடியின்றித் தண்டிலே வழுக்கி ஏறி, ஆறியதும் பிடித்துக்கொண்டது. அன்று மாலையே வாய்க்காலிலே நீர் ஓடிற்று.

இன்று கடைகளிலே பெயாரிங் தாராளமாகக் கிடைக்கின்றது. அதனாற்போலும், கழற்றுவதற்குப் பொறுமை குறைந்து சம்மட்டி மலிந்துவிட்டது. ஐம்பது அடியால் அசையாத உருக்கு, உரிய இடத்திற் சேர்ந்த சிறு சூட்டிற்கு இசைகின்றது. பிள்ளைகளுக்கு விரிவுக் குணகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒருமுறையாயினும் அவர்களைப் பட்டறைக்கு அழைத்துச் செல்வார்களாயின், அச்சூத்திரம் அவர்கள் மனத்திலும் இவ்வாறே இறுகப் பொருந்திவிடும்.