இணையம் இல்லாத வேளையிலும்

கணினியில் கட்டுரை எழுதப் பழகுவதற்காக, மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ காணொளிகளைத் தமிழ் ஒலியில் பதிவிறக்கி வைத்திருந்தேன். நம் வகுப்பறையில் இணையம் நிலையாகக் கிடைப்பதில்லை. அவற்றை இயக்க எந்த மென்பொருள் ஏற்றது?

மூன்று வினாக்கள் எழுந்தன. ஓ.ஜி.வி. வகைக் கோப்பையும் இயக்குமா? விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்குமா? விளம்பரம் குறுக்கிடாதா? மூன்றிற்கும் பொருந்தியது வி.எல்.சி. 1996இல் பிரான்சு நாட்டுக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்தில் உருவான இது, 2001 முதல் கட்டற்ற மென்பொருளாக வழங்கப்படுகிறது.

கட்டற்றது என்பது விலையில்லாதது மட்டுமன்று. அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், நகலெடுத்துப் பிறருக்கு வழங்கலாம். எனவே, பென்டிரைவில் அதை உங்களுக்கு அளிக்க எனக்குத் தயக்கமில்லை.

எனக்கு மிகவும் உவப்பானது அதன் வேகக் கட்டுப்பாடு. பிறமொழிச் சூழலில் வளரும் உங்களுக்குத் தமிழ் விளக்கம் விரைந்து செல்வதாகத் தோன்றலாம். வேகத்தைச் சற்றே குறைத்தால் லகர, ளகர, ழகர வேறுபாடுகளும் செவிக்குத் தெளிவாகும். மாணவர்களே! புரியாத இடத்தில் நிறுத்துங்கள், மீண்டும் கேளுங்கள், கேட்ட தொடரை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.