தெல்லிப்பழையில் ஒரு சரியைத் தொண்டு

சைவ நன்னெறிக்கண் ஓதப்படும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள், சரியை முதற்படி என்பது பற்றி அதனை எளிதாகக் கருதி, விரைவிற் கடந்து போதற்குரியதென எண்ணுவார் உளர். சாத்திரங் கற்றார் சிலரிடத்தும் இவ்வெண்ணம் காணப்படுதல் வருந்தத்தக்கது. அப்பரடிகள் திருக்கையில் உழவாரம் இறுதிகாறும் நீங்கிற்றில்லை என்பதை அவர் நினைத்திலர் போலும். அரும்பினுள்ளே மலரும் காயும் கனியும் அடங்கிக் கிடத்தல் போலச் சரியையுள் ஏனைய மூன்றும் அடங்கிக் கிடக்குமாற்றை அண்மைக் காலத்தே ஓர் அம்மையார் வாழ்ந்து காட்டினார். அவர், ஈழநாட்டில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தைச் சார்ந்த தெல்லிப்பழையிலே துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைவராய் விளங்கிய தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையாராவர்.

அம்மையார் தெல்லிப்பழைக்கு அணித்தாயுள்ள மல்லாகத்தில் 1925 சனவரி 7ஆம் நாள் பிறந்தார். யாழ்ப்பாணத்துச் சைவக் கல்விக்கு நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை வித்தாயிற்று. எனினும், பெண்மக்கள் தஞ்சமயம் வழுவாது உயர்கல்வி பெறுதற்கென மருதனார்மடத்தில் பொன்னம்பலம் இராமநாதனார் கல்லூரி கண்டது 1913இலேயாம். ஆகவே அம்மையார் பிறந்த ஞான்று, பெண்ணொருத்தி இலக்கண இலக்கியமும் சித்தாந்தமும் முறையே கற்றுத் தேர்வெழுதுதல் பழகிப்போன செய்தியன்று. அவர் பாலபண்டிதராய்ச் சைவப்புலவராய்த் தேறினார். பல்லாண்டு பள்ளியாசிரியராயிருந்து ஓய்வுற்றார். இல்லறம் புகுந்தாரல்லர்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் என்பதொரு வழக்குண்டு. ஒருவர் செய்யுளைப் பண்ணோடு வாசிக்க, மற்றொருவர் பதந்தோறும் பயன் சொல்லுவர். கேட்போர் ஊரார் யாவரும். எழுத்தறியாத உழவனும் சூரபன்மன் வரலாற்றை வரிசை பிறழாது சொல்லவல்லனாய் இருந்தமைக்கு இதுவே ஏது. நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதுபோல் இருந்த இவ்வரங்கில் அம்மையார் குரல் எழுந்தது. புராணமும் திருமுறையும் அவர் வாயிலாகக் கேட்ட மக்கள் அவரைச் சிவத்தமிழ்ச் செல்வி என்றே அழைப்பாராயினர். பெற்றோர் இட்ட பெயரினும் அப்பெயரே பலர்க்குத் தெரிவதாயிற்று. கடல் கடந்தும் சென்று பேசினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. பட்டங்கள் பின்னும் பலவுள. அவற்றை ஈண்டு எண்ணுதல் வேண்டா. சொல்லால் ஈட்டிய நன்மதிப்பை அவர் எங்குக் கொண்டுபோய் வைத்தார் என்பதே அறியற்பாலது.

அதனைத் துர்க்கையம்மை திருமுன்னிலே வைத்தார். 1970களின் பிற்பகுதியில் தேவஸ்தானத் தலைமை அவர்பால் வந்தது. கோயிற்றலைமை என்பது கணக்கும் வழக்கும், பணியாளர் பூசலும், உபயகாரர் மனக்குறையும் ஒருங்கு சுமக்கும் சுமை என்பதை அதனைச் சுமந்தாரே அறிவர். பெண்பாலார் ஒருவர் அதனை ஏற்றல் அந்நாட்டிலும் அரிது. அவர் காலத்தே திருக்கோயில் பொலிவுற்று ஓங்கியது. ஆவணிப் பெருவிழாவில் தேரின்பின் கற்பூரச்சட்டி ஏந்திவரும் பெண்களின் கூட்டத்தைக் கண்டவர், அவ்வூர்ப் பெண்டிர் அக்கோயிலைத் தம் தாய்வீடாகவே கொண்டமையை உணர்வர்.

இம்மட்டில் நின்றிருப்பின் அவரும் நற்றருமகருத்தர் பலருள் ஒருவராவர். 1980களின் தொடக்கத்தில் அவர் கோயிலோடு சார்த்தித் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தைத் தோற்றுவித்தார். தாய்தந்தையரை இழந்தும், வறுமையால் நிலைதளர்ந்தும் வந்த பெண்குழந்தைகள் அங்கே உண்டியும் உடையும் கல்வியும் பெற்றனர், திருமுறையும் ஓதினர். கோயிற்கென வந்த பொருள் கோயிற்கே ஆகவேண்டுமன்றோ என்று ஐயுறுவார் இருத்தல் கூடும். அவ்வையம் பொருளற்றதன்று, தேவத்திரவியத்தைக் காத்தல் பெருங்கடமையே. ஆயின் மெய்கண்டதேவர் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் அன்பர் திருவேடத்தையும் ஆலயத்தையும் ஒருசேர அரனாகத் தொழும்படி விதித்தார். படமாடும் கோயிலுக்கு இடுவது நடமாடும் கோயிலாகிய அன்பர்க்குச் சேராதெனவும், அன்பர்க்கு இடுவது இறைவற்கும் ஆமெனவும் திருமூலர் கருத்துரைத்தார். இச்சாத்திரங்களை ஆண்டுகள் பல மேடையில் விரித்தவர், தம் கையில் திறவுகோல் வந்தபோது அவற்றை மறந்திலர். ஐயத்திற்கு விடை அதுவே.

பின்னர் வந்த நாள்கள் கொடியன. 1990 சூனில் போர் மீண்டும் மூண்டு, வலிகாமம் வடக்கின் மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமமே ஏறத்தாழ வெறுமையாயிற்று. ஏட்டையும் பூசைப் பெட்டியையும் தலையில் வைத்து மழையிலே நடந்தார் எத்துணையோ பேர். தனியராய் உள்ள அறிஞர் இத்தகைய காலத்தே தமக்கேற்ற நிழலை நாடிக் கடல்கடந்து போதல் எளிது. போனாரைக் குறைகூறுதலும் தகாது. பெண்மக்கள் பலர்க்குத் தாயாய் இருப்பவர்க்கு அஃது எளிதன்று. அம்மையாரை அழைத்துப் போற்றுதற்கு அயல்நாடுகளில் அன்பர் பலர் இருந்தனர். அவரோ அம்மண்ணையே தம் நிலைக்களமாகக் கொண்டிருந்தார். போர் நீளுந்தோறும் பெற்றோரை இழந்த பெண்மக்களின் தொகை பெருகியது. இல்லத்தின் தேவையும் உடன்பெருகிற்று.

இவரை நினைக்குந்தோறும் திருவதிகைத் திலகவதியார் நினைவிற்கு வருவர். தமக்கென உறுதிசெய்யப்பட்ட கலிப்பகையார் போரிலே மாள, தம்பியின்பொருட்டு உயிர்தாங்கினார் அவ்வம்மையார். திருக்கோயிலில் அலகிட்டு, மெழுக்கிட்டு, மலர்தொடுத்துத் தொண்டுசெய்தார். அத்திருவலகு பிடித்த கையே மருணீக்கியாருக்குத் திருநீறு அளித்து அவரை அப்பராக்கிற்று. கோயிலைத் துலக்குதலும் ஓர் உயிரைத் துலக்குதலும் அவர்க்கு வேறு வேறாய் இருந்தில. தெல்லிப்பழையிலும் கோயில் மதிலையும் இல்லத்துச் சுவரையும் பிரித்துக் காட்டுதல் அரிதே. ஒருபுறம் காலைப் பூசைக்கு மணி ஒலிக்கும். மறுபுறம் சிறுமியர் பள்ளிக்குத் தலைவாரிக் கொண்டிருப்பர்.

அம்மையார் 2008 சூன் 15ஆம் நாள் சிவபதம் எய்தினார். அகவை எண்பத்து மூன்று. போர் ஓய்ந்தது அதன் மறு ஆண்டிலேயாம். அதனைக் காணுதற்கு அவர் இருந்திலர். மகளிர் இல்லம் அவர்க்குப் பின்னும் அம்மை சந்நிதியை அடுத்தே நடைபெற்று வருகின்றது.