வேட்டைக்காரர்கள் எங்கே போனார்கள்?



நைட் டியூட்டி முடிஞ்சு வந்து எழுதுறேன். த்ரெட் கொஞ்சம் நீளம். இன்னைக்கு மருந்து மாத்திரை பத்தி இல்ல, வேட்டை பத்தி. ஆனா சுத்திச் சுத்தி ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து நிக்கும். பொறுமையா படிங்க.

புதுக்கோட்டைன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சித்தன்னவாசல், விராலிமலை மயில், ஜல்லிக்கட்டு, முட்டை மாஸ். மான் வேட்டைன்னு யாரும் சொல்ல மாட்டீங்க.

1880ல் குஸ்தாவ் ஆப்பர்ட் என்ற சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பழங்கால இந்திய ஆயுதங்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் நம்ம ஊர் வருது. கள்ளரும் மறவரும் மான் வேட்டைக்கு வளைதடி பயன்படுத்துகிறார்கள், புதுக்கோட்டை ராஜாவின் ஆயுதசாலையில் எப்போதும் ஒரு இருப்பு உண்டு என்று எழுதியிருக்கிறார். வளைதடின்னா வேற ஒண்ணுமில்ல, நாம இப்போ சினிமாவில் பார்த்துட்டு கை தட்டுற வளரிதான். ஆயுதசாலையில் ஸ்டாக் வைக்கிற அளவுக்கு இங்கே ஆளும் இருந்தது, மானும் இருந்தது.

இப்போ மான் எப்போ கண்ணில் படும்? நாய் துரத்தி கிணத்துல விழுந்த புள்ளிமான், பைபாஸில் அடிபட்ட புள்ளிமான்னு பேப்பரில் ஓரமா ஒரு செய்தி வரும். அவ்வளவுதான்.

சமஸ்தான காலத்தில் ராஜாவின் வேட்டைக்குன்னே காவல் காடுகள் இருந்தன. 1948 மார்ச் 3ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, காடு அரசாங்கத்துக்கு வந்தது. 1974ல் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் வந்தது. அதே 1974 ஜனவரியில்தான் புதுக்கோட்டையும் தனி மாவட்டம் ஆனது. அதுக்கப்புறம் நடந்ததை நீங்க பஸ் ஜன்னல் வழியாவே பார்க்கலாம். திருச்சி ரோடு, கந்தர்வகோட்டை ரோடு, எங்கே போனாலும் தைலமரம். வரிசை பிடிச்சு நட்டு, சில வருஷத்தில் வெட்டி, காகித ஆலைக்கு லாரி ஏத்துற மரம்.

கால் புண்ணுக்குக் கட்டு மாத்த வருகிற பெரியவர் ஒருத்தர் இருக்கார். நரிக்குறவர். வயசு எழுபதுக்கு மேல. அந்தக் காலத்தில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர். சர்க்கரை அளவு எவ்வளவுன்னு கேட்டா சிரிப்பார், காடு பத்திக் கேட்டா பேச ஆரம்பிச்சிடுவார்.

"தைலக் காட்டுல என்ன சாமி இருக்கு? புதர் இல்ல, புல்லு இல்ல, பூச்சி இல்ல. பூச்சி இல்லாத இடத்துல கௌதாரி எதுக்கு வரும்? கௌதாரி இல்லாத இடத்துல எனக்கு என்ன வேலை?"

ஒரு காட்டின் உணவுச் சங்கிலியை நாலு வரியில் சொல்லிட்டார். நாங்க இதை ப்ளஸ் டூவில் பத்து மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினோம்.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பலர் நினைக்கிற மாதிரி அன்னைக்கே எல்லா வேட்டையும் நிக்கல. சில விலங்குகளுக்கு முழுத் தடை, சிலதுக்கு லைசென்ஸ் வாங்கி வேட்டையாடலாம்னு இருந்தது. 1991 திருத்தத்தில்தான் அந்த லைசென்ஸ் கதவும் மூடியது.

நான் அந்தத் தடைக்கு எதிரி இல்ல. இதைத் தெளிவா சொல்லிடறேன், இல்லைன்னா கமெண்ட்ல வந்து "டாக்டரே மான் கறி கேக்குறாரா"ன்னு கேப்பீங்க. சிங்கம் நம்ம நாட்டில் குஜராத்தில் மட்டும் மிச்சம். சிறுத்தைப்புலி இல்லாம சீட்டா என்று ஒரு இனம் இருந்ததே, அது 1952லேயே அழிஞ்சு போச்சுன்னு அரசே அறிவிச்சது. அதில் பெரிய பங்கு ராஜாக்களும் துரைமார்களும் கௌரவத்துக்காகச் சுட்ட சுடுதான். தடை அவசியம்தான்.

என் கேள்வி வேற. ராஜா துப்பாக்கியைக் கீழே வைத்தபோது அவருக்கு அரண்மனை இருந்தது, மன்னர் மானியம் இருந்தது. நரிக்குறவர் துப்பாக்கியைக் கீழே வைத்தபோது அவர் கையில் என்ன கொடுத்தோம்?

பாசிமணி.

அதுவும் நாம கொடுத்ததில்ல, அவங்களே தேடிக்கிட்டது. பஸ் ஸ்டாண்டு, கோயில் திருவிழா, வேளாங்கண்ணி, சபரிமலை சீசன்னு குடும்பமா ஊர் ஊரா போய் விக்கிறாங்க. "ஒளிவிளக்கு" படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் அவங்க வேஷம் கட்டி ஆடினதை அம்பது வருஷத்துக்கு மேலா ரசிக்கிறோம். அவங்க வீட்டில் வாக்ரிபோலின்னு ஒரு மொழி பேசுறாங்க, அது நம்ம தமிழைவிட குஜராத்தி, மராத்திக்கு நெருக்கமானதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு மருத்துவரா என் கண்ணில் பட்டதைச் சொல்றேன். இது ஆய்வு இல்ல, ஓ.பி.யில் பார்த்தது மட்டும்தான். முந்தைய தலைமுறைக்கு முயல், காடை, கௌதாரி, நாள் பூரா நடை. இப்போ பஸ் ஸ்டாண்டில் டீ, பன், பரோட்டா, நாள் பூரா உக்காந்து மணி கோக்குற வேலை. சின்னப் பிள்ளைகளுக்கு ரத்த சோகை, பெரியவங்களுக்குச் சர்க்கரை, ஒரே வீட்டில் ரெண்டும். காசநோய்க்கு ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிடணும்னு சொன்னா, ரெண்டாவது மாசம் ஆள் வேற மாவட்டத்தில் இருப்பார்.

இப்போ நான் எழுத நினைத்த விஷயம்.

போன வருஷம் ஒரு ராத்திரி. நாப்பது வயசு இருக்கும் ஒருத்தருக்கு. வலது கையில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காயம். கூட மனைவி.

"என்னண்ணே ஆச்சு?"

"முள்ளுக்கம்பி கீறிடுச்சு சாமி."

முள்ளுக்கம்பி கீறினா கோடு விழும். இது ஆழமா ரெண்டு துளை, அடியில் இன்னும் ரெண்டு. பல்லுன்னு ஹவுஸ் சர்ஜன் பையனே சொல்லிட்டான். "நாயா?" இல்லை. "பூனையா?" இல்லை. "கம்பி சாமி." டி.டி. ஊசி மட்டும் போட்டு விடுங்கன்னு எந்திரிக்கப் பார்க்கிறார்.

எனக்கு வயித்தைக் கலக்குச்சு. வெறிநாய்க்கடி நோய் நாயால் மட்டும் வர்றதில்ல. நரி, கீரி, காட்டுப்பூனை, குரங்கு எது கடிச்சாலும் வரலாம். அறிகுறி வந்துட்டா உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியாலும் அநேகமா ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கு முன்னாடி தடுப்பூசியும், காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலினும் போட்டா காப்பாத்திடலாம். ஆனா என்ன கடிச்சதுன்னு வாயைத் திறக்கணுமே.

ஸ்டாஃப் நர்ஸ் அக்கா அந்தம்மாவைத் தனியா கூட்டிட்டுப் போய்ப் பேசினாங்க. அரை மணி நேரம் கழிச்சு வந்தது பதில். முயலுக்குக் கண்ணி வச்சிருக்கார். விழுந்தது நரி. அவிழ்த்து விடப் போனப்ப கடிச்சிருக்கு.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "நரின்னு எழுதுவீங்களா சாமி?"

செத்துப் போவோம்ங்கிற பயம் அந்த முகத்தில் இல்லை. கேஸ் ஆகிடும்ங்கிற பயம்தான் இருந்தது. காயத்தை முதலில் பாப்போம்ணே, உள்ளதைத்தான் எழுதுவேன், ஆனா நீங்க இப்ப எந்திரிச்சுப் போனா எழுதறதுக்கு ஆளே இருக்காதுன்னு சொன்னேன். காட்டு விலங்கு கடின்னு எழுதினேன். சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கழுவி, அன்னைக்கே ரெண்டு ஊசியும் போட்டாச்சு.

மூணாம் நாள் வந்தார். ஏழாம் நாள் வரலை. போன் ஸ்விட்ச் ஆஃப். ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. அப்புறம் பார்த்தா குடும்பத்தோட வேளாங்கண்ணியில் மணி விக்கப் போயிருக்கார், ஏழாம் நாள் ஊசியை அங்கே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டைக் காட்டிப் போட்டுக்கிட்டிருக்கார். இருபத்தெட்டாம் நாள் நேரா நம்மகிட்ட வந்து நின்னார்.

சட்டம் வேட்டையை நிறுத்திடுச்சா? ஆள்தான் மாறியிருக்கு, முறை மாறியிருக்கு. கடலையும் நெல்லும் போட்ட விவசாயிக்குக் காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் வயலை உழுதுட்டுப் போயிடுது. அந்தக் காலத்தில் ஆள் கூப்பிட்டு விடுவாங்க. இப்போ சில பேர் திருட்டுத்தனமா மின்வேலி போடுறாங்க. சில இடத்தில் அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள்ள வச்ச நாட்டு வெடி. துப்பாக்கி வச்சிருந்தவர் எதைச் சுடுறோம்னு பார்த்துச் சுட்டார். கம்பிக்குக் கண் இல்ல. ராத்திரி மோட்டார் போடப் போன பக்கத்து வயல்காரர் அதில் மாட்டி, உயிரில்லாம எங்க கேஷுவாலிட்டிக்கு வந்ததை நான் பார்த்திருக்கேன்.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு வழி சொன்னது. காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடிக்கலாம், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தா வனத்துறையே சுடலாம். நல்லது. ஆனா பன்றியின் தடம் பார்த்து அது எப்போ போச்சு, எத்தனை போச்சுன்னு சொல்லத் தெரிந்தவர் இப்போ பஸ் ஸ்டாண்டில் ஊசிமணி விக்கிறார்.

அமெரிக்காவில் இதுக்கு நேர் எதிர்க் கதை. அங்கே 1991ல் சுமார் 1.4 கோடி வேட்டைக்காரர்கள், 2016ல் 1.15 கோடி. சின்னப் பசங்களுக்கு ஆர்வமில்லை, வேட்டை நிலமெல்லாம் தனியார் வேலிக்குள் போயிடுச்சு. வேட்டை லைசென்ஸ் பணத்திலும், 1937 சட்டப்படி ஒதுக்குற துப்பாக்கி, தோட்டா வரியிலும்தான் அங்கே வனத்துறைச் செலவில் பெரும்பங்கு நடக்குது, அதனால ஆள் குறையுதேன்னு அரசாங்கமே கவலைப்படுது. இங்கே வேட்டைக்காரர் குறைஞ்சதுக்கு யாரும் கவலைப்படலை. நாம அப்படியே அவங்களை காப்பியடிக்கவும் முடியாது, நம்ம காட்டில் அந்த அளவு மானும் இல்லை.

ஆனா நம்ம மாநிலத்திலேயே ஒரு தடவை சரியாச் செஞ்சிருக்கோம். அதன் பலன் எங்க ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜில் இருக்கு.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து இருளர்கள் பாம்பு பிடிச்சுத் தோலுக்கு விற்றுப் பிழைத்தவர்கள். 1972 சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் வந்து அந்தத் தொழில் செத்தது. 1978ல் ரோமுலஸ் விட்டேகர் உதவியோட அவங்களுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. வடநெம்மேலியில் இருக்கு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அனுமதியோட பிடிச்சு, சில வாரம் பானையில் வச்சு விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுடுவாங்க. அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான் நாங்க போடுற விஷமுறிவு மருந்து. இந்தியாவில் அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு பல வருஷமா இந்த ஒரே சங்கத்திலிருந்துதான் போச்சு.

நாத்து நடும்போது கண்ணாடி விரியன் கடிச்சு ஒரு அக்கா வர்றாங்கன்னு வைங்க. ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிஷம் வைப்போம். உறையலைன்னா பத்து வயல் மருந்தைக் கலக்கி ஏத்துவோம். அந்தப் பத்து பாட்டிலுக்குள்ள ஒரு இருளர் வரப்பில் குனிஞ்சு தடம் பார்த்த அறிவு இருக்கு. 2023ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற ரெண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது.

வேட்டையைத் தடை பண்ணினோம், ஆனா அந்த அறிவைக் குப்பையில் போடலை. நரிக்குறவருக்கு அப்படி ஒரு சங்கம் யாரும் யோசிக்கலை. பன்றித் தடம் பார்க்க, கிணத்துல விழுந்த மானை மீட்க, பறவைக் கணக்கெடுக்க வனத்துறைக்கு ஆள் தேவைப்படும் ஊர் இது. அந்த வேலைக்கு அவங்களை எடுத்தா என்ன?

2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் நரிக்குறவர், குருவிக்காரர் இப்போ பழங்குடியினர் பட்டியலில் இருக்காங்க. கால் புண் பெரியவரோட பேத்தி ப்ளஸ் ஒன் படிக்குது, பயாலஜி குரூப். சான்றிதழ் கைக்கு வந்தாச்சான்னு ஒவ்வொரு தடவை கட்டு மாத்தும்போதும் கேக்குறேன். இந்த மாசம் வந்துடும்னு சொல்லியிருக்கார்.

கடைசியா உங்க எல்லாருக்கும், ஊர்க்காரங்க, தோட்டக்காரங்க, யாரா இருந்தாலும் சரி. எந்த மிருகம் கடிச்சாலும் உடனே சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில் பதினஞ்சு நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் வைக்காதீங்க. நேரா அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க, ஊசி இலவசம். 0, 3, 7, 28 நாளில் எதையும் விடாதீங்க, வெளியூர் போனாலும் சீட்டைக் கையில் எடுத்துட்டுப் போங்க.

என்ன கடிச்சதுன்னு மட்டும் மறைக்காம சொல்லுங்க.