பாரமும் வேகமும்

எந்திரம் கெடுவது பாரம் மிகுவதால்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பாரம் நீங்கினாலும் அது கெடும். பொறியியல் மாணவனாகிய எனக்கு இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்தியவை இரண்டாம் உலகப் போர்க்காலச் சண்டை விமானங்களே.

ஸ்பிட்பயர் விமானத்தின் மெர்லின் எந்திரத்திற்கு நிமிடத்திற்கு 3,000 சுற்று என்பது வரம்பு. அதன் ஆற்றலை ஏற்றுக் காற்றைப் பின்னே தள்ளுவது புரொப்பெல்லர். காற்றின் எதிர்ப்பே எந்திரத்திற்குக் கடிவாளம். ஆனால் விமானம் தலைகீழாகப் பாயும்போது, சீறிவரும் காற்று அந்த எதிர்ப்பைக் குறைத்துவிடும். காற்றாலையைச் சுழற்றுவதுபோல் புரொப்பெல்லரைத் தானே சுழற்றவும் செய்யும். அப்போது எந்திரம் வரம்பு மீறி ஓடிச் சிதையும். எங்கள் ஊர்க் கிணற்றடியில் ஆயில் எஞ்சினின் பெல்ட் கழன்றால் அது ஒரு கணம் அலறுமே, அதே கதைதான்.

அப்படியானால் பாரத்தை நிரந்தரமாக ஏற்றிவைத்தால் என்ன? அதுவும் உதவாது நண்பர்களே! 1938-இல் படையில் சேர்ந்த முதல் ஸ்பிட்பயர்களின் மரப் புரொப்பெல்லர் அலகுகள் ஒரே சாய்வில் நிலைத்திருந்தன. அதிவேகத்திற்கு ஏற்ற அச்சாய்வு, தரையிலிருந்து எழும்போது எந்திரத்தைத் திணறடித்தது. பிறகு இரண்டு சாய்வுகள் கொண்ட புரொப்பெல்லர் வந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட வேகங்களுக்கோ அதனிடம் விடையில்லை.

1940 ஜூன் இறுதியில் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் தொழிலாளர் விமான நிலையங்களுக்கே சென்று இரவுபகலாக உழைத்தனர். ஆகஸ்டு நடுவுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்பயர், ஹரிக்கேன் விமானங்களில் வேகம் மாறாப் புரொப்பெல்லரைப் பொருத்தி முடித்தனர். அதன் கவர்னரில் சுழலும் குண்டுகள் உண்டு. வேகம் கூடினால் குண்டுகள் விரியும், வால்வு நகரும், எண்ணெயின் வழி மாறும், அலகுகள் சாயும், பாரம் ஏறும், வேகம் தணியும். வேகம் குறைந்தால் எல்லாம் எதிர்மாறாக நடக்கும். எத்தனை சுற்று வேண்டும் என்பதை விமானி நெம்புகோலால் தேர்வார். அதைக் காப்பது கவர்னரின் வேலை. எதிரணியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஈ விமானங்கள் பலவற்றிலோ, விமானியே சாய்வை விசையால் மாற்ற வேண்டியிருந்தது. உயிருக்குப் போராடும் நொடியில் அதுவும் ஒரு கவலை!

என் உதவித்தொகையில் ஒரு பங்கு தங்கையின் படிப்புக்காக ஊருக்குப் போகிறது. "அந்தச் சுமை மட்டும் இல்லையென்றால் நீ எங்கேயோ போயிருப்பாய்" என்று விடுதி நண்பர் ஒருவர் இரக்கத்தோடு சொன்னார். எங்கே போயிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். கண்டிக்க யாருமில்லாத இந்தத் தொலைதூர நகரில், கையில் பணமும் கணக்குக் கேட்காத மாலைகளும் இருந்தால் என் வேகம் எந்தத் திசையில் கூடியிருக்கும்? அந்தப் பங்குதான் என்னை நூலகத்தில் உட்கார வைக்கிறது.

ஆனால் தேர்வு மாதங்களில் அதே பங்கு என்னைத் திணறவும் அடித்தது. ஆகவே அப்பாவிடம் பேசினேன். தேர்வுக் காலத்தில் குறைத்தும், விடுமுறை வேலை கிடைக்கும் மாதங்களில் கூட்டியும் அனுப்புகிறேன் என்றேன். "உனக்கு எது தோதோ அப்படியே செய், தம்பி" என்றார்.

வீட்டுப் பொறுப்பை அறுத்தெறிய நினைப்பவரும், அதன் கீழ் நசுங்குபவரும் நம் விடுதிகளில் உண்டு. இருவருக்கும் சொல்வேன்: சுமையை இறக்கிவிடாதீர்கள், அதன் சாய்வை மாற்றிப் பாருங்கள்.