மீசை வளர்த்த நட்பு

2003ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் நண்பர்கள் இருவர், வழக்கொழிந்துபோன மீசையை மீண்டும் வளர்த்தால் என்ன என்று விளையாட்டாகப் பேசிக்கொண்டனர். அவ்வாண்டு நவம்பரில் 30 பேர் மீசை வளர்த்தனர். மறு ஆண்டு அவ்விளையாட்டுக்கு ஒரு நோக்கம் வாய்த்தது. ஆண்களைத் தாக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கு எதிரான பணிக்காக 450 பேர் மீசை வளர்த்து, 54,000 ஆஸ்திரேலிய டாலர் திரட்டினர். ‘மோவெம்பர்’ எனும் அவ்வியக்கம் இன்று பல நாடுகளின் அலுவலகங்களில் நட்புப் போட்டியாக நடைபெறுகிறது.

விதி எளியது. நவம்பர் முதல் நாள் மழித்த முகத்துடன் தொடங்கி, மாத இறுதிவரை மீசையை மட்டும் வளர்க்க வேண்டும். கண்டு நகைப்போரிடம் நன்கொடை கேட்க வேண்டும். துறைக்கு ஓர் அணி அமையும். மிகுதியாகத் திரட்டும் அணி வெல்லும். மேலாளருக்கு அரும்பு மீசையும் கடைநிலை ஊழியருக்கு அடர்ந்த மீசையும் வாய்க்கலாம். பதவி அங்கே செல்லாது. தோற்ற அணி திரட்டிய பணமும் அதே அறப்பணிக்கே சேரும்.

கீழே விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்னும் பழமொழி, தோல்வியை மறைக்கும் வீம்பைச் சுட்டுவது. நோயை மறைக்கும் ஆண்களிடமும் அவ்வீம்பு உண்டு. மீசையைப் பற்றித் தொடங்கும் பேச்சு உடல்நலத்தைப் பற்றியதாக மாறும்போது அது தளர்கிறது. உடன் பணிபுரிபவரிடம், “மருத்துவரைப் பார்த்தீர்களா?” என்று கேட்கும் உரிமை பிறக்கிறது. திரட்டிய பணத்தினும் பெரிது அவ்வுரிமை.