ஆற்காடு சாலையில் அரை கிளட்ச்

காலை ஆறு மணி வகுப்புக்குத்தான் எப்போதும் கிராக்கி. வடபழனியை ஒட்டிய அந்த டிரைவிங் ஸ்கூலில் ஆறிலிருந்து ஏழரை வரையிலான நேரம் மாதத் தொடக்கத்திலேயே நிரம்பிவிடுகிறது. ரோடு காலியாக இருக்கும், பயமில்லை, ஆபீசுக்கும் நேரத்துக்குப் போய்விடலாம் என்று சேர வருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். மாஸ்டருக்கு இதில் உடன்பாடு இல்லை. "காலி ரோட்டுல ஓட்டறதுக்கு நான் எதுக்கு? தேர்டு கியர் விழுந்துட்டா அதுபாட்டுக்கு ஓடும். ஒம்பது மணிக்கு வாங்க. அப்பத் தெரியும், வண்டி உங்க பேச்சைக் கேக்குதா, நீங்க வண்டி பேச்சைக் கேக்குறீங்களான்னு."

மாஸ்டருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. டூரிஸ்ட் டாக்சியாக அம்பாசிடர் ஓட்டியவர். ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கியர் கம்பியில் தொழிலைத் தொடங்கியவர். பிறகு மாருதி 800, இப்போது ஸ்விஃப்ட். பயிற்சி கொடுப்பவருக்கு ஐந்து வருட ஓட்டுநர் அனுபவமும் மோட்டார் மெக்கானிக் படிப்புச் சான்றிதழும் வேண்டும் என்கின்றன 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். இவரிடம் இரண்டும் உண்டு. விதிகளில் இல்லாத ஒரு தகுதியும் உண்டு: பக்கத்தில் இருப்பவர் வண்டியை எவ்வளவு குலுக்கினாலும் குரல் ஏறாது.

அதே விதிகள்தான் பயிற்சி வண்டியில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்கின்றன. இடப்பக்க இருக்கையின் காலடியில் இன்னொரு கிளட்ச், இன்னொரு பிரேக். மாஸ்டர் தன் பக்கத்து மிதியை அழுத்தினால் ஓட்டுகிறவரின் மிதியும் கூடவே கீழே இறங்கும். கார் கற்பவர்களின் பெரிய ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. மூன்றாம் நாளே சிக்னலில் வண்டி அழகாகக் கிளம்பிவிட்டது என்று வீட்டில் போய்ச் சொல்கிறார்கள். கிளப்பியது யாருடைய கால் என்பது மாஸ்டருக்கு மட்டும் தெரியும்.

"எல்லா ஸ்கூல்லயும் நடக்கறதுதான் சார். வண்டி ஆஃப் ஆனா பின்னாடி இருக்கறவன் ஹார்ன் அடிப்பான், கத்துக்கறவங்க பதறிடுவாங்க. அதனால நம்ம காலே போயிடும்" என்று அவர் ஒப்புக்கொண்டார். "எப்ப காலை எடுக்கறதுங்கறதுதான் இந்தத் தொழில்."

அந்தக் காலை அவர் எப்படி எடுக்கிறார் என்று பார்ப்பதற்காகத்தான் நான் பின்சீட்டில் ஏறியது.

ஓட்டுநர் இருக்கையில் நுங்கம்பாக்கத்தில் வங்கி வேலை பார்க்கும் நாற்பது வயதுப் பெண். முதல் வேலையாக மாஸ்டர் செருப்பைக் கழற்றச் சொன்னார். இருக்கையை முன்னால் இழுத்து, கிளட்ச் தரை வரை அழுந்தும்போது முழங்கால் லேசாக மடிந்தே இருக்கிறதா என்று பார்த்தார். இந்த ஓர் அளவு தவறினால் மற்றதெல்லாம் தவறும் என்பது அவர் கணக்கு. கால் எட்டாதவர் தொடையைத் தூக்கி மிதிப்பார். தூக்கிய காலை நூலளவாக விட முடியாது. குதிகால் தரையில் ஊன்றியிருந்தால் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவரலாம்.

முதல் அரைமணி, கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில். வலது காலுக்கு வேலையே இல்லை. "ரேஸ் குடுக்காதீங்க மேடம். கிளட்சை மட்டும் விடுங்க. இன்னும்... இன்னும்... நில்லுங்க. சத்தம் மாறிச்சா?"

மாறியது. எஞ்சினின் சீரான முணுமுணுப்பு ஒரு படி கனத்தது, டேஷ்போர்டில் சுற்று காட்டும் முள் மயிரிழை இறங்கியது, வண்டியின் மூக்கு நிமிர்வதுபோல ஓர் அசைவு. இதைத்தான் 'கிளட்ச் பிடிக்குது' என்கிறார்கள். ஹாஃப் கிளட்ச் என்றும் சொல்வதுண்டு. அடுத்த நொடி வண்டி நகர்ந்தது. நகர்ந்த சந்தோஷத்தில் அவர் காலை எடுத்துவிட்டார். வண்டி இரண்டு குதி குதித்து ஆஃப் ஆனது.

புதிதாக ஓட்டும் பத்துப் பேரில் ஒன்பது பேரும் செய்வது இதுவே என்றார் மாஸ்டர். வண்டி நகர ஆரம்பித்ததுமே வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். உண்மையில் நகர ஆரம்பித்த பிறகு ஒன்றிரண்டு நொடி காலை அங்கேயே வைத்திருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எஞ்சின் பக்கத்து ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டிருக்கிறது, சக்கரத்தின் பக்கம் நின்றுகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கிளட்ச் பிளேட் வழுக்கி வழுக்கித்தான் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். "ஓடற பஸ்ல ஏர்றவன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு கூடவே நாலடி ஓடுவான்ல? பிடிச்ச உடனே காலைத் தூக்கினா விழுவான். அந்த நாலடிதான் மேடம் இது." அதன்பிறகு அந்த அம்மா ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வாய்க்குள் 'நாலடி' என்று முணுமுணுத்துக்கொண்டார். வண்டி ஆஃப் ஆவது குறைந்தது.

ஆக்ஸிலரேட்டர் இல்லாமல் கிளட்சிலேயே நகர்த்தும் இந்தப் பாடம் பழைய வண்டிகளில் இத்தனை எளிதாக இருந்ததில்லை. கார்புரேட்டர் வைத்த மாருதி 800-ல் கொஞ்சம் ரேஸ் குறைந்தாலே எஞ்சின் செத்துவிடும். இரண்டு காலையும் எதிரெதிராக நடத்தத் தெரிந்தால்தான் வண்டி கிளம்பும். இன்றைய எஞ்சின்களில் சுமை ஏறுவதைக் கணினி உணர்ந்து சுற்று விழாமல் தாங்கிப் பிடிக்கிறது. டீசல் வண்டியில் இன்னும் சுலபம். கற்பவர்களுக்கு இது வசதிதான். ஆனால் வண்டி தாங்குவதைத் தன் திறமை என்று எண்ணும் ஆபத்தும் இதில் உண்டு.

ஒன்பது மணிக்குப் பயிற்சி வண்டி ஆற்காடு சாலையில் ஏறியது. இரண்டாம் கட்ட மெட்ரோவில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை போகும் நான்காவது வழித்தடம் இந்தச் சாலை வழியாகத்தான் செல்கிறது. வேலை தொடங்கித் தடுப்புப் பலகைகள் வைத்த நாளிலிருந்து வளசரவாக்கம், சாலிகிராமம் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களின் இடது காலுக்கு ஓய்வில்லாமல் போனது. ஷேர் ஆட்டோ நினைத்த இடத்தில் நிற்கும்; அதைச் சுற்றிக்கொண்டு மாநகரப் பேருந்து வெளியே வரும்; பேருந்தின் ஓரமாக டூ வீலர்கள் ஒழுகும். கார் பத்தடி போகும், நிற்கும்.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சிறிய பெட்ரோல் காரின் எஞ்சின் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று சுற்றும். முதல் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து அதைச் சுமார் பதினான்கில் ஒரு பங்காகக் குறைத்துச் சக்கரத்துக்குத் தருகின்றன. சக்கரம் ஒரு முறை உருண்டால் ஒன்றே முக்கால் மீட்டர். பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 6 கிலோமீட்டர் வருகிறது. வேகமாக நடக்கிற ஆளின் வேகம். கிளட்சை முழுதாக விட்டுவிட்டு, எந்த மிதியையும் தொடாமல், முதல் கியரில் கார் தானாக ஊர்ந்து போகும் வேகம் அது. அதற்கும் கீழே போக வேண்டுமானால் பாதி கிளட்சில் பிளேட்டைத் தேய்த்தபடி போக வேண்டும், இல்லையென்றால் நின்று நின்று போக வேண்டும்.

மாஸ்டரின் யோசனை எளிது. முன்வண்டி மூன்றடி நகர்ந்ததும் பின்னாலேயே மூன்றடி போய் ஒட்டாதே. இரண்டு கார் நீளம் இடம் விழட்டும், அப்புறம் ஒரே தடவை கிளட்சை முழுக்க விட்டு ஊர்ந்து போ. நான்கு முறை கிளம்பும் இடத்தில் ஒரு முறை கிளம்பினால் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கார் நீளம் இடம் விட்டால் சென்னையில் அது யாருக்காவது போய்ச் சேரும். அன்றும் ஓர் ஆட்டோ புகுந்தது, அதன் பின்னாலேயே மூன்று பைக்குகள். வங்கி அம்மாவுக்குக் கோபம். மாஸ்டர் அசரவில்லை: "உள்ள பூந்தா பூரட்டும் மேடம். அவன் உங்க முன்னாடியா நிக்கப் போறான்? அடுத்த சந்துல பூந்து போயிடுவான்." சொன்னபடியே ஆட்டோ அடுத்த வளைவில் இடப்பக்கம் மறைந்தது. இடத்தை விட்டுக்கொடுப்பதில் நேரம் போவதில்லை, மானம்தான் போகிறது என்று தோன்றியது. அந்த மானம் கார்க்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

நிறுத்துவதிலும் இதே நுணுக்கம் உண்டு, பேசுகிறவர்கள்தான் குறைவு. வண்டி முழுதாக நிற்பதற்கு ஓரடி முன்னால் பிரேக்கைச் சற்றே தளர்த்தினால் உட்கார்ந்திருப்பவர் தலை முன்னால் ஆடாது. அழுத்தியபடியே நிறுத்தினால் ஆடும். பின்சீட்டில் இருந்த என் தலைதான் அன்றைய அளவுகோல். மாஸ்டர் அவ்வப்போது கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

அவருடைய காலையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வடபழனி சிக்னல் வரை அது கிளட்ச் மிதியின் மேல் படாமல் பட்டபடி தொங்கியது. அதன்பிறகு காலைப் பின்னால் இழுத்து இருக்கையோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த சிக்னலில் வண்டி ஆஃப் ஆனது. பின்னால் தண்ணீர் லாரியின் ஹார்ன். "கிளட்சை மிதிங்க, ஸ்டார்ட் பண்ணுங்க, நாலடி." அவ்வளவுதான் சொன்னார். வலது கால் மட்டும் பிரேக்குக்கு மேலே தயாராக இருந்தது. நாள் முழுக்க அப்படி அந்தரத்தில் நிறுத்திய கால் இரவில் தூங்கவிடுவதில்லை என்று டீக்கடையில் சொன்னார்.

இந்தக் கலையின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். சாலிகிராமத்துச் சந்து ஒன்றில் கிளட்ச் வேலையையே அதிகம் பார்க்கும் மெக்கானிக், கழற்றிய பிளேட் ஒன்றைத் துணியால் துடைத்துக் காட்டினார். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. நடுவில் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள், இரண்டு பக்கமும் உராய்வுப் பட்டை. புதிய பிளேட்டில் ரிவெட் தலைகள் பட்டைக்குள் நன்றாகப் புதைந்திருக்கும்; இதில் பட்டை தேய்ந்து ரிவெட் வெளியே மின்னியது. பட்டையின் முகம் கண்ணாடி போட்டதுபோல வழவழத்திருந்தது. அதோடு சேர்ந்து அழுந்தும் பிரஷர் பிளேட்டில் நீலம் நீலமாகத் திட்டுகள். சூட்டில் இரும்பு நிறம் மாறிய இடங்கள். முகர்ந்தால் கருகிய வாடை இன்னும் இருந்தது. ரிலீஸ் பேரிங்கைக் கையில் சுற்றிக் காட்டினார், கரகரத்தது. "இந்த வண்டிக்காரர் கால் எப்பவும் கிளட்ச் மேலயே இருந்திருக்கு. சிக்னல்ல நியூட்ரல் போட மாட்டாரு, மேட்டுல ஹேண்ட் பிரேக் போட மாட்டாரு, கிளட்ச்லயே நிறுத்தி வைப்பாரு." வண்டிக்காரரை அவர் பார்த்ததே இல்லையாம், டிரைவர் கொண்டுவந்து விட்டுப் போன வண்டி.

பிளேட் சிறியதுதான், அதை மாற்றும் வேலை சிறியதல்ல. முன்சக்கரம் இழுக்கும் கார்களில் டிரைவ் ஷாஃப்டுகளைக் கழற்றி, கியர் பாக்ஸையே கீழே இறக்கினால்தான் கை உள்ளே போகும்.

ஆட்டோமேட்டிக் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீராதா என்று கேட்டதற்கு மெக்கானிக் சிரித்தார். 2014-ல் மாருதி செலெரியோவோடு பரவலான ஏ.எம்.டி. வண்டிகளில் கிளட்ச் மிதிதான் இல்லை, பிளேட் இருக்கிறது. மனிதக் காலுக்குப் பதில் ஒரு இயந்திரக் கை அதை அழுத்துகிறது. ஜாமில் ஊர்ந்தால் அதுவும் தேயும். பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் ஓட்டித் தேர்வில் தேறியவருக்கு மேனுவல் ஓட்ட உரிமம் கிடையாது. இந்தியாவில் அந்தப் பாகுபாடு இல்லை. ஆகவே ஆட்டோமேட்டிக்கிலேயே கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்கள் மாஸ்டரிடம் கூடிக்கொண்டிருக்கிறார்கள். அவர் மறுப்பதில்லை. வகுப்பு சீக்கிரம் முடிந்துவிடுகிறது, சலிப்பாக இருக்கிறது என்கிறார்.

விதிப்படி காருக்கான பயிற்சி குறைந்தது 21 நாள், வண்டி ஓட்டும் நேரம் குறைந்தது 10 மணி. நாளுக்கு அரைமணி என்று வைத்தால் சரியாக வரும். உரிமத் தேர்வில் மேட்டில் நிறுத்திக் கிளப்பவும் பின்னால் எடுக்கவும் தெரிய வேண்டும். ஒன்பதரை மணிக்குச் சாலிகிராமத்தைக் கடக்கத் தெரியுமா என்று யாரும் சோதிப்பதில்லை. அதனால் உரிமம் வாங்கிய பிறகும் சிலர் மாஸ்டரைத் தங்கள் சொந்த வண்டிக்கு அழைக்கிறார்கள். வங்கி அம்மாவும் அழைத்தார்.

சொந்த வண்டியில் இடப்பக்கம் மிதி கிடையாது. மாஸ்டரிடம் இருப்பது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். கோடம்பாக்கம் மேம்பாலம் ஏறும்போது நடு மேட்டில் வரிசை நின்றது. பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு பேருந்து. அம்மா ஹேண்ட் பிரேக் போட்டார், முதல் கியர், கிளட்ச் சத்தம் கனக்கும் வரை விட்டார், கொஞ்சம் ரேஸ், பிரேக்கை இறக்கினார். வண்டி ஓர் அங்குலம் பின்னால் வாங்கியது. மாஸ்டரின் கை பிரேக் கம்பியை நோக்கிப் பாதி தூரம் போய் நின்றது. வண்டி மேலே ஏறியது.

பாலம் இறங்கி வள்ளுவர் கோட்டம் அருகே மாஸ்டர் இறங்கிக்கொண்டார். "நாளைக்கு நான் தனியா எடுத்துட்டு வரட்டுமா மாஸ்டர்?"

"நாளைக்கு மழைன்னு சொல்றாங்க மேடம். மழையில பாலம் வேணாம். நாளன்னைக்கு எடுங்க. அந்த பாக்கிய மட்டும் ஜி பே பண்ணி விட்டுருங்க."